கொங்கு விருந்தோம்பலும் இரண்டாவது டம்ளரும்

1

கோயம்புத்தூரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் மூன்று விஷயங்களை விடுவதே இல்லை. சிறுவாணித் தண்ணீர், கொங்குச் சாப்பாடு, 'ஏனுங்க' என்கிற மரியாதை. ஒப்பணக்கார வீதியில் துணி எடுத்து, கிராஸ்கட் ரோட்டில் நாலு நடை நடந்து, ஒரு கடையில் சந்தகையும் தேங்காய்ப் பாலும் சாப்பிட்டு, மாசி மாசம் கோனியம்மன் தேரையும் பார்த்துவிட்டால் கட்டுரை தயார். கடைசி வரியில் 'கொங்கு மக்களின் விருந்தோம்பல்' என்று போட்டு முடித்துக்கொள்ளலாம். தீபாவளி மலர்களிலும் ஞாயிற்றுக்கிழமை இணைப்புகளிலும் இப்படி எத்தனையோ வாசித்தாயிற்று.

இதில் ஒன்றும் பொய் இல்லை. சிறுவாணித் தண்ணி ருசிதான். சந்தகையும் ருசிதான். எனக்கும் கடைவீதி பிடிக்கும். தேர்க் கூட்டத்தில் இடிபட்டு, பலூன்காரன் ஊதலைக் கேட்டுக்கொண்டு, பொரி வாங்கித் தின்றுகொண்டு நடக்கப் பிடிக்கும். தலித் என்றால் அழுதுகொண்டேதான் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்குச் சந்தோஷம் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். இந்த 'கொங்கு மக்கள்' என்கிற வார்த்தைக்குள் நான் இருக்கிறேனா? இருக்கிறேன் என்றால், எனக்கு எந்த டம்ளர்?

2

எங்கள் ஊர் அன்னூர்ப் பக்கம். ஊர் என்று சொல்வது பழக்கதோஷம். ஊர் வேறு, நாங்கள் குடியிருந்த வளவு வேறு. நடுவில் ஒரு இட்டேறி. 1980களின் தொடக்கத்தில், நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஊருக்குள் ஒரே ஒரு டீக்கடை. கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு. அது எங்களுக்கு இல்லை. தாழ்வாரத்துக் கூரையில் நாலைந்து தேங்காய்த் தொட்டிகள் செருகியிருக்கும். அவைதான் எங்களுக்கு. அதை நாங்களே எடுத்து, நாங்களே கழுவி, தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கடைக்காரர் மேலே இருந்து ஊற்றுவார். குந்தவைத்துக் குடித்துவிட்டு, மறுபடியும் கழுவி, எடுத்த இடத்திலேயே செருக வேண்டும். காசைப் பலகைமேல் வைப்போம். அதை மட்டும் கையால் எடுத்துக் கல்லாவில் போட்டுக்கொள்வார்.

பிறகு இயக்கத் தோழர்கள் வந்து சத்தம் போட்டார்கள். தேங்காய்த் தொட்டி போனது. அதே இடத்துக்குக் கண்ணாடி டம்ளர் வந்தது. எங்களுக்கென்று தனியாக, அடியில் பெயிண்ட் புள்ளி வைத்த டம்ளர். மறுபடியும் சத்தம். புள்ளி டம்ளர் போய், குடித்துவிட்டுக் கசக்கி எறியும் கப் வந்தது. ஊர்க்காரருக்கு டம்ளர், எங்களுக்குக் கப். கேட்டால், "சுத்தமா இருக்குமுங்க, அதான்" என்று பதில். சிரட்டையிலிருந்து பிளாஸ்டிக் வரைக்கும் சாமான் மாறியது, சட்டம் மாறவில்லை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. சுற்றுச்சூழலுக்காக எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ வேறு ஒரு யோசனை ஓடியது: இனி எங்களுக்கு எதைக் கொடுப்பார்கள்?

இதெல்லாம் பழைய கதை என்று சொல்லக்கூடாது. பெரியார் இயக்கங்களும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் 2000க்குப் பிறகும் கொங்குப் பகுதியில் இரட்டை டம்ளர்க் கடைகளைப் பட்டியல் எடுத்துப் போராட வேண்டியிருந்தது.

இனி அந்த மரியாதை. கவுண்டர் வீட்டு ஏழு வயசுப் பையன் என் அப்பனைப் பெயர் சொல்லி, "டேய், இங்க வாடா" என்பான். என் அப்பன் தோளில் கிடக்கும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "என்னுங்க சாமி" என்று ஓடுவான். சிறுவாணித் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருகிறது. கொங்கு மரியாதை பள்ளத்திலிருந்து மேட்டுக்குப் போகிறது. கீழே இறங்கி வந்ததை என் அப்பன் காதால் கேட்டது ஒரே ஒரு தடவைதான்.

3

அதைச் சொல்கிறேன். நான் ஆறாவது படித்த வருஷம். தீபாவளிக்குத் துணி எடுக்க அப்பன் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். டவுன்ஹால் பக்கம் நடைபாதைக் கடையில் எனக்கு ஒரு டவுசரும் சட்டையும் எடுத்தோம். திரும்பும்போது என்ன தோன்றியதோ, "வாடா, காப்பி குடிக்கலாம்" என்று ஒரு ஓட்டலுக்குள் நுழைந்துவிட்டான். நல்ல ஓட்டல். கல் போட்ட மேசை. தலைக்குமேல் மின்விசிறி. அப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். சர்வர் வந்து, "என்னுங்க வேணும்?" என்று கேட்டார். அப்பன் திரும்பிப் பின்னால் பார்த்தான். வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

டபராவில் காப்பி வந்தது. குடித்தோம். குடித்து முடித்ததும் அப்பன் டம்ளரையும் டபராவையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். தண்ணி எங்கே இருக்கிறது என்று தேடுகிறான். கைகழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவ ஆரம்பித்தான். சர்வர் ஓடிவந்து, "அட, அங்கயே வெச்சுட்டு வாங்க, நாங்க எடுத்துக்கறோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பன் கையில் டம்ளரோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என் காதோரம் குனிந்து சொன்னான்: "நாம யாருன்னு அவனுக்குத் தெரியலடா."

அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. அதில் சந்தோஷம் இருந்தது. ஒரு பொருளைத் திருடிக்கொண்டு பிடிபடாமல் வந்துவிட்டவனுக்கு இருக்குமே, அந்த மாதிரி சந்தோஷம். அப்பன் எதைத் திருடினான்? காசு கொடுத்துக் குடித்த ஒரு காப்பியை.

எங்கள் சனங்களுக்கு ஏன் டவுன் பிடிக்கிறது என்று சமூகவியல்காரர்கள் பெரிய பெரிய காரணம் எழுதுகிறார்கள். காரணம் இதுதான். டவுனில் யாருக்கும் நம்மைத் தெரியாது. கிராமத்தை அறியாமையின், குறுகிய புத்தியின், வகுப்புவாதத்தின் குகை என்று அம்பேத்கர் வெறுத்தது எங்கள் அப்பன்மார் படிக்காமலே தெரிந்துகொண்ட விஷயம். ஆனால் பேர் தெரியாமல் கிடைக்கிற மரியாதை சமத்துவம் ஆகிவிடாது. அது தெரிகிற வரைக்கும்தான். கொங்குச் சீமையில் புதிதாகப் பார்க்கிற யாரும் மூன்று கேள்வி கேட்பார்கள். "எந்தப் பக்கமுங்க?" "அங்க எந்த ஊருங்க?" "நீங்க என்ன ஆளுங்க?" மூன்றாவது கேள்வியிலும் 'ங்க' இருக்கும். பதில் சொன்ன பிறகு இருக்காது. கோயம்புத்தூரில் மூன்றாவது கேள்வி வாடகைக்கு வீடு தேடும்போது வரும். அவிநாசியில், காங்கேயத்தில், தாராபுரத்தில் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். ஊர் சிறுக்கச் சிறுக்கக் கேள்வி சீக்கிரம் வரும். சின்ன ஊரின் இனிமை என்று நீங்கள் எழுதுவது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதைத்தானே? எங்களுக்கு ஆபத்தே அதுதான்.

4

கடைக்குப் போவது, ஓட்டலில் சாப்பிடுவது, திருவிழா பார்ப்பது எல்லாம் சில்லறை விஷயம், நிலம்தான் பிரச்சினை, கூலிதான் பிரச்சினை என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. நிலமும் கூலியும் பிரச்சினைதான். ஆனால் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். அதன் இரண்டாம் உட்பிரிவில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாத இடங்கள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. முதலில் வருவது கடை. அடுத்தது பொது உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை இடங்கள். கிணறும் குளமும் சாலையும் அதற்குப் பிறகுதான்.

1948 நவம்பர் 29ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. கடை என்றால் என்ன என்று கேள்வி எழுந்தது. அம்பேத்கர் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, கேட்டு வருகிற யாருக்கும் சேவை செய்யத் தயாராக ஒருவன் உட்கார்ந்திருக்கிற இடம் எதுவோ அது கடை. அந்தக் கணக்கில் முடிதிருத்தும் கடையும் கடை, சலவைக் கடையும் கடை. எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் பாருங்கள். அவருக்குத் தெரியும். வாசலைத் திறந்துவிட்டு உள்ளே இன்னொரு டம்ளரை வைத்துக்கொள்வார்கள் என்று தெரியும். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஓட்டலில் பொது உபயோகத்துக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைக்கூடத் தனியாகக் குறிப்பிடுகிறது. அதாவது இந்தியாவின் சட்டப் புத்தகத்துக்குள் எங்கள் டீ டம்ளர் இருக்கிறது. அந்தச் சட்டம் இருக்கும்போதுதான் நான் தேங்காய்த் தொட்டியைக் கழுவினேன்.

மகாட் குளத்தில் 1927இல் தண்ணீர் எடுத்தது தாகத்துக்காக மட்டும் இல்லை, நாமும் மனுசர் என்று நிலைநாட்டத்தான் என்று அம்பேத்கர் சொன்னார். என் அப்பன் குடித்த காப்பியும் அப்படித்தான். அவனுக்குத் தாகமா எடுத்தது?

பெரியார் வழி வந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்குத் தனி இடம் இருந்ததை 1941இல் ஒழித்தீர்கள். 1957இல் திருவல்லிக்கேணி ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்க மறியல் செய்து சிறைக்குப் போனீர்கள். அதற்கு எங்கள் வணக்கம். பலகையில் எழுதியிருந்ததால் அழிக்க முடிந்தது. கவுண்டர் ஊர் டீக்கடையில் பலகையே கிடையாது. கூரையில் செருகிய சிரட்டைக்கு எழுத்தும் கிடையாது. அதை அழிக்க வந்த தோழர்களை மதிக்கிறேன். அதற்கு வராமல், ஓட்டு வாங்க மட்டும் வளவுக்கு வந்தவர்களைப் பற்றித்தான் கேட்கிறேன்.

5

திருவிழாவுக்கு வருவோம். சித்திரை வைகாசியில் கொங்கு நாட்டில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு. கம்பம் நடுவார்கள். ராத்திரி முழுக்கக் கம்பத்தைச் சுற்றி ஆட்டம். மாவிளக்கு, பூவோடு, கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. பார்க்கப் பார்க்கச் சலிக்காது. அந்த ஆட்டத்துக்குக் கால் எங்கிருந்து வருகிறது? என் அப்பன் அடிக்கும் தப்பட்டையிலிருந்து வருகிறது. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, முதல் அடி அவன் அடித்தால்தான் சாமிக்கே விழிப்பு. அடித்துக்கொண்டே ஊர்வலத்துக்கு முன்னால் போவான். கோயில் வாசல் வந்ததும் நின்றுகொள்வான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவனைத் தாண்டி உள்ளே போவார்கள். சாமியை எழுப்பினவன் வெளியே, எழுந்த சாமி உள்ளே. மஞ்சள் தண்ணியை முறைமாமன்மேல் ஊற்றுவார்கள், மச்சான்மேல் ஊற்றுவார்கள். எங்கள்மேல் ஒரு சொட்டு விழுந்தது இல்லை.

தப்பட்டை அடிப்பது இழிவு, தூக்கிப் போடுங்கள் என்று ஒரு கட்சி. அது எங்கள் கலை, மேடை ஏற்றுங்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் எங்கள் ஆட்களே இருக்கிறார்கள். என் கட்சி இது: அடிப்பதும் விடுவதும் எங்கள் இஷ்டமாக இருக்க வேண்டும். அடித்தால் கூலி பேசி வாங்க வேண்டும், அடித்துக்கொண்டே வாசலைத் தாண்டவும் வேண்டும்.

இன்னொரு தோலையும் சொல்லியாக வேண்டும். கொங்கு நாடு மழை குறைந்த மேட்டுக்காடு. கிணற்றை ஆழமாக வெட்டி, கவலை கட்டி, மாட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் இறைத்துத்தான் இங்கே வெள்ளாமை. கவலைச் சாலின் அடியில் நீளமாகத் தொங்கும் தோல் தும்பி வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலுக்குப் பாயும். அந்தத் தும்பியைத் தைத்தவர்கள் நாங்கள். செத்த மாட்டைத் தூக்கி, தோலை உரித்து, பதப்படுத்தி, தைத்து, கிழிந்தபோதெல்லாம் ஒட்டுப் போட்டுக் கொடுத்தோம். கவுண்டர் காட்டு நெல்லும் கரும்பும் புகையிலையும் எங்கள் தோலில் ஊறிய தண்ணீரில் விளைந்தவை. அந்தத் தண்ணீருக்குத் தீட்டு இல்லை. நாங்கள் தொட்ட டம்ளருக்குத்தான் தீட்டு. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, பின்னால் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்தது. கவலை போனது. தைத்த கைக்கு வேலையும் போனது. தீட்டு மட்டும் போகவில்லை.

சமீபத்தில் கோயம்புத்தூரில் ஒரு புதுப்பாணி கொங்கு ஓட்டலுக்குப் போனேன். கிராமம் மாதிரி ஜோடித்திருந்தார்கள். திண்ணை, உரல், வண்டிச் சக்கரம். சுவரில் ஒரு பழைய கவலைச் சால். இரும்பு மட்டும்தான் இருந்தது. தும்பி இல்லை. எங்களைக் கழற்றிவிட்டு மிச்சத்தை மாட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

6

அந்த ஓட்டல் பட்டியலில் இல்லாத கொங்குச் சாப்பாடு ஒன்று உண்டு. பெரிய கறியை உப்பும் மஞ்சளும் போட்டுக் கயிற்றில் கோத்துக் காயவைத்து, மழைக்காலத்தில் சுட்டுத் தின்னும் கண்டம். வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்ட ரத்தப் பொரியல். இதை எந்தக் கொங்குச் சமையல் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் எங்களுக்கு இந்த ருசியைச் சொந்தப் பெயரோடு, சொந்த முகத்தோடு தின்னக் கிடைத்த இடம் உக்கடமும் கோட்டைமேடும்தான். பாய் கடையில் ஒரே தட்டு, ஒரே டம்ளர். யாரும் மூன்றாவது கேள்வி கேட்டதில்லை.

இங்கேதான் ஒரு கசப்பான விஷயத்தை எங்கள் ஆட்களிடமே பேச வேண்டியிருக்கிறது. ஊர் மாரியம்மன் வாசலில் எங்களை நிறுத்திய அதே சமூகம், 1980, 90களில் எங்கள் பையன்களை ஒரு திருவிழாவுக்கு மட்டும் கூப்பிட்டது. விநாயகர் ஊர்வலம். பனியனும் ரிப்பனும் கொடுத்து, லாரிமேல் ஏற்றி, முன்வரிசையில் நிற்கவைத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாமிக்குப் பக்கத்தில் நின்ற பையன் நெஞ்சை நிமிர்த்தத்தானே செய்வான்? ஊர்வலம் எந்தக் கடைவீதி வழியாகப் போனது, எதைப் பார்த்துக் கோஷம் போட்டது என்று யோசித்தால் விஷயம் புரியும். 1997 நவம்பர் கடைசியில் ஒரு காவலர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கோயம்புத்தூர்க் கடைவீதியில் முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டு எரிந்தன. பதினெட்டு முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் செத்தார்கள். கடைவீதிச் சந்தோஷம் அந்த ஊரில் வருஷக்கணக்கில் செத்துக்கிடந்தது. நமக்குச் சமமான தட்டு வைத்த கடைகளுக்கு எதிராக நம் கையில் கொடியைக் கொடுத்தார்கள். நமக்குச் சிரட்டை கொடுத்த கடைக்கு எதிராக அந்தக் கொடி ஒருநாளாவது திரும்பியதா? இதைக் கேட்காமல் நாம் எந்தக் கொண்டாட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது.

7

கோயில், கடைவீதி, ஜவுளிக்கடை. சுற்றுலாக் கட்டுரைகளில் இந்த மூன்றும் தவறாமல் வரும். எங்கள் கணக்கிலும் மூன்றும் உண்டு.

திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில். 2015 ஜூன் 23 அன்று தன்னோடு படித்த பெண்ணோடு அங்கே பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்கிற தலித் இளைஞர் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. பள்ளிபாளையம் என்றதும் உங்களுக்குச் சிக்கன் வறுவல் நினைவுக்கு வரும். எங்களுக்குத் தண்டவாளம். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

உடுமலைப்பேட்டை கடைவீதி. 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட சங்கரும் கௌசல்யாவும் துணி எடுக்கப் போனார்கள். புதுச் சோடி கடைவீதிக்குப் போவதைவிடச் சின்னச் சந்தோஷம் உண்டா? பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், சனக்கூட்டத்துக்கு நடுவே வெட்டினார்கள். சங்கர் செத்தார். அது முழுக்க ஒரு கேமராவில் பதிவாகி ஊர் உலகமெல்லாம் பார்த்தது. டவுனில் நம்மை யாருக்கும் தெரியாது என்று என் அப்பன் நம்பினான். தெரிந்தவர்கள் டவுனுக்கும் வருவார்கள் என்று அந்த வீடியோ சொன்னது. 2017இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020இல் உயர்நீதிமன்றம் பெண்ணின் தகப்பனை விடுதலை செய்து, ஐந்து பேருக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

மேட்டுப்பாளையம் நடூர். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில் ஒரு பெரிய சுவர் சரிந்து அருந்ததியர் வீடுகள்மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். சுவர் ஒரு ஜவுளிக்கடை அதிபரின் பங்களாச் சுவர். தீண்டாமைச் சுவர் என்று தலித் அமைப்புகள் சொல்லின. வெறும் சுற்றுச்சுவர் என்று மறுபக்கம் சொன்னார்கள். நியாயம் கேட்டுக் கூடினவர்கள்மேல் தடியடி நடந்தது. தீபாவளிக்கு அந்த ஊரில் புதுத்துணி எடுக்கிறவர்கள் யார், சுவருக்குக் கீழே படுக்கிறவர்கள் யார்?

இதற்கு நடுவில் 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியர் அம்மா சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் செய்த முதல் காரியம் அந்த அம்மாவை மாற்றியதுதான். போராடிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. கொங்குக் கைப்பக்குவம் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கையைப் பற்றி ஒரு வரி எழுதினார்களா?

2024 செப்டம்பரில் கோவையில் ஒரு ஓட்டல் அதிபர், பன்னுக்கு வரி இல்லை, அதில் கிரீம் வைத்தால் வரி என்று மத்திய நிதியமைச்சரிடம் மேடையில் சொன்னார். பிறகு அவர் நேரில் போய் வருத்தம் தெரிவித்த காட்சி வெளியே வந்தது. கொங்கு மண்ணே கொதித்தது. ஒரு மனுசனை இப்படிக் குனியவைக்கலாமா என்று கேட்டார்கள். கேட்டது சரி. நானும் கேட்டேன். ஆனால் தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் ஒருவன் குனிவது அவமானம் என்று உங்களுக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்படியானால் தேங்காய்த் தொட்டிக்குக் குனிந்த என் அப்பனைப் பார்த்தபோது ஏன் தெரியவில்லை?

8

மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் சொல்கிறேன். நம் அவமானங்களை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் போதாது. நம் ருசியை எழுத வேண்டும், நம் ஆட்டத்தை எழுத வேண்டும். கடைவீதியில் சும்மா சுற்றும் உரிமையைக் கேட்க வேண்டும். டீக்கடைகளைப் பட்டியல் எடுக்க வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டும். சலூனுக்குள் போய் உட்கார வேண்டும். கோயில் வாசலில் தப்பட்டையை நிறுத்தாமல் உள்ளே போக வேண்டும். சந்தோஷப்படுவது நமக்கு ஆடம்பரம் என்று யார் சொன்னாலும், நம் தோழரே சொன்னாலும், ஒத்துக்கொள்ளக் கூடாது.

என் அப்பன் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் ஓட்டலில் காப்பி குடித்து முடித்ததும் என் கை டம்ளரோடு ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மேசைக்குப் போகிறது. என் மகளுக்கு அந்த நொடி கிடையாது. குடித்துவிட்டு வைத்துவிடுகிறாள். இன்னொன்று வேணும் என்கிறாள். அவளைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. ஆனால் அவளையும் இந்தச் சீமையில் ஒருநாள் யாரோ கேட்பார்கள்: "நீங்க என்ன ஆளுங்க?" அவள் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே டம்ளரில் டீ குடித்துவிட்டு, கழுவாமல் வைத்துவிட்டு வீடு வந்து சேர வேண்டும். அன்னூர்ப் பக்கத்து எங்கள் ஊரில், அந்த டீக்கடை இருந்த அதே இடத்தில் அது நடக்க வேண்டும். அதுவரைக்கும் விருந்தோம்பல் என்கிற வார்த்தையை எங்கள் பக்கம் நீட்டாதீங்க.